சில்லு மாட்டிய கால்

காரியாபட்டிப் பக்கம் உழவு மாடு வைத்திருந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், இந்தக் கோளாறை வாயால் சொல்வதைவிட நடித்தே காட்டிவிடுவார்கள். காலையில் தொழுவத்தில் மாட்டை அவிழ்த்து இழுத்தால் மூன்று கால் நகரும். ஒரு பின்னங்கால் மட்டும் விறைத்துப்போய்ப் பின்னாலேயே நிற்கும். குளம்பின் நுனி தரையைக் கீறிக்கொண்டே வரும். நாலு எட்டு அப்படி இழுத்து இழுத்து நடந்தபின் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். கால் வெட்டி மேலே தூக்கும். அதற்குப் பிறகு எந்தக் குறையும் இல்லாத மாடாகக் கம்மாய்ப் பக்கம் நடந்துவிடும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை.

இப்படி இழுக்கிற மாட்டுக்கு முதலில் குளம்பைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். கருவேல முள் ஏறியிருக்கிறதா, லாட ஆணி சதையில் இறங்கிவிட்டதா என்று தேடுவார்கள். கரிசல் காட்டில் அது நியாயமான சந்தேகந்தான். ஆனால் கோளாறு இருப்பது அதற்கு வெகு மேலே. மனிதருக்கு முழங்கால் எதுவோ, மாட்டுக்கும் குதிரைக்கும் அதே மூட்டு அடிவயிற்றை ஒட்டி, தொடைச் சதைக்குள் மறைந்து கிடக்கிறது. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கிற மூட்டைப் பலரும் முழங்கால் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது நம் குதிகாலுக்கு இணையானது.

மேலே ஒளிந்திருக்கும் அந்த மூட்டின் முன்னால் ஒரு சில்லு எலும்பு உண்டு. அதைக் கீழ்க்கால் எலும்போடு பிணைக்க மூன்று நார்கள் இருக்கின்றன: வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, உட்பக்கம் ஒன்று. தொடை எலும்பின் கீழ்முனையில் உட்பக்க மேடு பெரிதாகப் புடைத்திருக்கும். கால் முழுக்க நீளும்போது சில்லும் உட்பக்க நாரும் சேர்ந்து அந்த மேட்டுக்கு மேலே ஏறிக் கொக்கி மாட்டிக்கொள்ள முடியும். கொக்கி மாட்டிவிட்டால் கால் மடங்காது. குதிரை நின்றபடியே தூங்குகிறதே, அதன் சூட்சுமத்தில் பாதி இதுதான். ஒரு பின்னங்காலைப் பூட்டி உடம்பை அதன்மேல் சாய்த்துவிட்டு, இன்னொரு காலைத் தளர்த்தி ஓய்வு கொடுக்கும். சிறிது நேரம் கழித்துக் காலை மாற்றிக்கொள்ளும். தசைக்கு அதிக வேலையில்லை.

பூட்டியது திறக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். தொடையின் முன்பக்கத் தசை சுருங்கிச் சில்லைச் சற்றே மேலே தூக்கி வெளிப்பக்கம் நகர்த்தினால் கொக்கி கழன்றுவிடும். தசை மெலிந்திருந்தாலோ, நார் தளர்ந்திருந்தாலோ, பிறவியிலேயே பின்னங்கால் கோணமில்லாமல் நேராக அமைந்திருந்தாலோ கொக்கி கழலத் தாமதமாகிறது, அல்லது கழலவே மறுக்கிறது. வளரும் வயதுக் குட்டிகளுக்கும், நெடுநாள் வேலையில்லாமல் கட்டிக்கிடந்த குதிரைக்கும் இது அதிகம் வரும். இந்தியாவில் கால்நடை மருத்துவர்கள் இதை அதிகம் பார்ப்பது குதிரையில் அல்ல, உழவு மாட்டிலும் எருமையிலுமே. குதிரையில் ஏறாத காரியாபட்டிக்காரர்களுக்கும் இந்தக் கோளாறு பழக்கமானது அப்படித்தான்.

ஆனால் குதிரையும் இந்தச் சீமைக்குப் புதிதல்ல.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், அரபு, பாரசீகக் குதிரைகள் மரக்கலங்களில் காயல் துறைமுகத்துக்கு வந்து இறங்கின. காயலுக்கும் மதுரைக்கும் நடுவே கிடப்பது இந்த வறண்ட பூமி. இன்றைக்கு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலை காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதையும், நரி பரியான திருவிளையாடலும் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பே கேட்டு வளர்ந்தவை. பணம் கொடுத்து வாங்கிய குதிரை ஒரே இரவில் இல்லாமல்போவது அந்தக் கதையின் அச்சாணி. குலசேகரன் காலத்துக் கணக்கும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

1292 வாக்கில் இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ, இங்கே அரசரும் அவருடைய சகோதரர்கள் நால்வரும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். பயணிகளின் எண்களை அப்படியே நம்பத் தேவையில்லை. அவர் சொல்லும் காரணங்களைக் கவனிக்கலாம். குதிரைக்குச் சோற்றோடு இறைச்சி சேர்த்து வேகவைத்துக் கொடுக்கிறார்கள். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள் என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்க முடியும். நல்ல பொலிகுதிரையையும் பெரிய பெட்டைக்குதிரையையும் சேர்த்தாலும் கால் கோணிய, சவாரிக்கு உதவாத சின்னக் குட்டிதான் பிறக்கிறது என்ற குறிப்பும் அவரிடம் இருக்கிறது.

அவரைவிட நுட்பமாக எழுதியவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார், ஆண்டுக்கு 1,400 குதிரை என்று ஒப்பந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, லாயத்துக்குள் நடப்பதை விவரிக்கிறார். வறுத்த பார்லி, வெண்ணெயில் புரட்டிய தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைக்கிறார்கள். பிறகு பயிற்சி எதுவும் கொடுக்காமல், அங்கவடியும் இல்லாமல் வீரர்கள் ஏறி வெறிகொண்டு விரட்டுகிறார்கள். எவ்வளவு வேகமான குதிரையும் கொஞ்ச காலத்தில் சோர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுகிறது.

சில்லு மாட்டுவதைப் பற்றி இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் குதிரைகள் வெயிலாலும் தீவனத்தாலும் இன்னும் எத்தனையோ நோய்களாலும் செத்திருக்கும். ஆனாலும் வஸ்ஸாஃப் சொல்லும் வரிசையை இன்றைய குதிரை மருத்துவர் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார். வாரக்கணக்கில் கட்டிப்போடு, கொழுப்பேற்று, தொடைத் தசையை வாடவிடு, பிறகு ஒரே நாளில் ஓடவிடு: மூட்டைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. இத்தனைக்கும் குதிரை நூல் எழுதத் தெரியாத நாடல்ல இது. சாலிஹோத்திரர், நகுலர் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரங்கள் வடமொழியில் இருந்தன. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் நகுலர் பெயரிலான நூலை 1952இல் அச்சிட்டது. தமிழில் குதிரை வாகடமும் மாட்டு வாகடமும் ஏடுகளில் புழங்கின. ஏட்டில் இருந்தது லாயத்துக்கு எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பது வேறு விஷயம்.

கிராமத்துத் தொழுவத்துக்கு வந்து சேர்ந்தது சூடு. பின்னங்கால் இழுத்தால் மாட்டு வைத்தியர் அரிவாளையோ இரும்புக் கம்பியையோ நெருப்பில் பழுக்கவைத்து, தொடையிலும் சப்பையிலும் கோடு இழுப்பார். மாட்டை விழத்தாட்டிக் கால்களைக் கட்டி, தலையை ஒருவர் அமுக்கிக்கொள்ள, தோல் கருகும் வாடை தெருவெல்லாம் பரவும். சூட்டுத் தழும்பில்லாத பழைய உழவு மாட்டைப் பார்ப்பது அரிதாக இருந்தது.

இதைப் பாமரத்தனம் என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஐரோப்பாவின் படிப்பாளி மருத்துவர்களும் பந்தயக் குதிரைகளின் காலில் இருபதாம் நூற்றாண்டிலும் பழுத்த ஊசியால் சூடு வைத்தார்கள். புண்ணைத் தூண்டினால் ரத்தம் பாயும், தழும்பு இறுகும், தளர்ந்தது பலப்படும் என்பது அவர்களுடைய கணக்கு. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு, குதிரையின் தசைநார்க் காயத்துக்குச் சூட்டால் பயனில்லை என்று காட்டியது. சூடு வைத்த குதிரை தேறியதற்குக் காரணம், புண் ஆறுகிறவரை அதற்குக் கிடைத்த நீண்ட ஓய்வுதான் என்று பலரும் அதற்கு முன்பே சந்தேகப்பட்டிருந்தார்கள்.

சில்லு மாட்டும் காலுக்கு அந்த ஓய்வும் உதவாது. தொடைத் தசை இன்னும் மெலியும். கன்றுப் பருவத்து மாடு சூட்டுக்குப் பின் தேறியிருந்தால், வளர்ந்து சதை பிடித்ததால் தேறியிருக்கும். பெயர் கம்பிக்குப் போனது. ஆனால் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாரைத் தூண்டித் தடிக்கவைக்கலாம் என்ற பழைய எண்ணம் முழுதும் சாகவில்லை. அயோடினை எண்ணெயில் கலந்து உட்பக்க நாரிலும் நடு நாரிலும் ஊசியால் செலுத்தும் முறை குதிரை மருத்துவத்தில் நெடுங்காலம் இருந்துவருகிறது. கம்பியின் வேலையை ஊசி எடுத்துக்கொண்டது.

சரி, இங்கத்து மாட்டுக்கு உடற்பயிற்சிக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். மின்சார பம்புசெட் வருவதற்கு முன், அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் கிணற்றுப் பாசனம் பெரும்பாலும் கமலைதான். கிணற்றடியிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு கீழே போகும். தோல் சாலில் நீர் மேலே வந்து கொட்டும். பிறகு அதே சரிவில் மாடுகள் பின்னுக்கு நடந்தே மேலேறும். விடியுமுன் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதுதான் வேலை.

சில்லு மாட்டும் குதிரைக்கு இன்றைய மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் பயிற்சிகளில் முக்கியமான இரண்டு, மேட்டில் ஏற்றி நடத்துவதும் பின்னுக்கு நடத்துவதும். மாட்டிய காலை அந்த நேரத்துக்கு விடுவிக்கவும் பின்னுக்குத் தள்ளுவதுதான் எளிய வழி. குதிரையைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே சில்லைக் கையால் அழுத்தினால் கொக்கி கழலும். கமலை வாரி இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருந்தது. அதற்காகக் கமலை கட்டியவர்கள் மூட்டு வைத்தியம் தெரிந்தவர்கள் என்று பெருமை பேச வேண்டாம். பாரத்தோடு சரிவில் இறங்கும்போது பின்னங்கால் முழுக்க நீண்டு இழுபடுகிறது. பலவீனமான மாட்டுக்குச் சில்லு ஏறி மாட்டவும் அதே வாரி போதும். நல்ல தீவனம் தின்ற மாட்டுக்குப் பயிற்சி, பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மாட்டுக்கு வதை. வானம் பார்த்த பூமியில் கோடை தோறும் தொழுவத்தில் இரண்டாவது வகைதான் அதிகம்.

கத்தி இந்தப் பக்கம் வந்தது மெதுவாக. இந்தியாவில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் லாகூரில் 1882, பம்பாயில் 1886, கல்கத்தாவில் 1893 என்று வரிசையாகத் தொடங்கின. சென்னையில் 1903இல் வேப்பேரியின் டாபின் ஹால் கட்டடத்தில் 20 மாணவர்களோடு கல்லூரி தொடங்கியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கத் தொடங்கியபோது, இந்தியாவில் அப்படி இணைந்த முதல் கால்நடைக் கல்லூரி அதுதான். வெள்ளை அரசாங்கத்துக்குக் கால்நடை வைத்தியம் என்றால் முதலில் ராணுவக் குதிரை. பிறகு ஊர் ஊராக மாட்டைக் கொன்று குவித்த வெக்கை நோய். அப்போது காரியாபட்டி, 1910இல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. வெக்கை, அடைப்பான், சப்பை நோய், கோமாரி என்று சாவுக் கணக்கோடு ஓடிய கால்நடை உதவியாளருக்குக் காலை இழுக்கிற ஒற்றை மாடு பெரிய செய்தியாக இருந்திருக்க முடியாது. அது சாகாதே, நொண்டத்தானே செய்யும். வெக்கையின் பிடி தளர்ந்த பிறகுதான் மாட்டாஸ்பத்திரியில் உட்பக்க நாரை அறுத்துவிடும் சின்ன அறுவைக்கு நேரம் கிடைத்தது.

சின்ன அறுவைதான். ஆனால் பார்ப்பவர் வாயைப் பிளக்கவைக்கும். மாட்டை மணலிலோ வைக்கோலிலோ சாய்த்து, கோளாறுள்ள கால் கீழே இருக்கும்படி படுக்கவைக்கிறார்கள். மற்ற மூன்று காலையும் சேர்த்துக் கட்டி, கீழ்க்காலைப் பின்பக்கமாக இழுத்துப் பிடிக்கிறார்கள். இப்போது அந்தக் காலின் உட்பக்கம் மருத்துவருக்கு நேராக விரிந்து கிடக்கும். மயிரை மழித்து, மருந்து தடவி, தோலுக்கடியில் மரப்பு ஊசி போடுகிறார். நடு நாருக்கும் உட்பக்க நாருக்கும் இடையிலுள்ள பள்ளத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஒரு சிறு கீறல். முனை மழுங்கிய வளைந்த கத்தியைப் படுக்கையாக உள்ளே விட்டு, நாருக்கு அடியில் நகர்த்தி, வாய்ப்பக்கத்தை நாரின் பக்கம் திருப்பி அறுக்கிறார். நார் அறுபடும்போது விரலுக்கு ஒரு விடுதல் தெரியும். இறுகியிருந்த இடத்தில் பள்ளம் விழும். ஒன்றிரண்டு தையலோடு கட்டை அவிழ்த்துவிட்டால், வரும்போது காலை இழுத்துவந்த மாடு போகும்போது நாலு காலாலும் நடந்து போகும்.

மருத்துவர்களில் சிலர் இதை மாட்டை நிறுத்திவைத்தே செய்துவிடுவார்கள். சூட்டுக் கம்பியின் மவுசை ஊர்களில் குறைத்ததில், எந்தப் பிரசாரத்தையும்விட இப்படி நடந்து திரும்பிய மாடுகளுக்குப் பங்கு அதிகம் என்று சொல்லலாம்.

மாட்டில் இவ்வளவு நன்றாக முடிகிற வேலையைக் குதிரையில் ஏன் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்? ஒரு காலத்தில் அவர்களும் தள்ளவில்லை. காலை இழுத்த குதிரைக்கெல்லாம் நாரை அறுத்தார்கள். பிறகுதான் சில குதிரைகள் மாதங்கள் கழித்து வேறு விதமாக நொண்டத் தொடங்கியதைக் கவனித்தார்கள். உட்பக்க நார் பூட்டுக்கு மட்டும் உள்ளதல்ல. ஓடும்போது சில்லைத் தடத்தில் நேராக ஓடவைப்பதும் அதுதான். அதை அறுத்துவிட்டால் சில்லு வெளிப்பக்கம் சாய்ந்து உரசும். அதன் கீழ்முனை உதிர்ந்து துண்டாகலாம், குருத்தெலும்பு தேயலாம். அமெரிக்காவில் 1989இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல நிலையிலிருந்த குதிரைகளுக்கு இந்த நாரை அறுத்துப் பார்த்து, சில்லில் சிதைவுகள் உண்டாவதை உறுதிசெய்தார்கள். அறுத்த குதிரைக்கு மூன்று மாதம் வரை ஓய்வு கொடுக்கச் சொல்வது இந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

உழவு மாடு குதிரைபோலப் பாய்ந்து ஓடுவதில்லை. பாரத்தை இழுத்து நடப்பதோடு சரி. படுத்து அசைபோடும் பிராணிக்கு நின்று தூங்கும் பூட்டும் பெரிய தேவையில்லை. ஒரே நாரை அறுத்தாலும் மாட்டுக்கு ஆகும் செலவும் குதிரைக்கு ஆகும் செலவும் ஒன்றாக இருப்பதில்லை.

நடுவழி ஒன்றும் பிறந்தது. நாரை முழுக்க அறுக்காமல், மேல்பகுதியில் நீளவாக்கில் பல கீறல் போட்டுப் பிளந்துவிடுவது. ஆறும்போது நார் தடித்து, மேட்டில் போய்க் கொக்கி மாட்ட இடமில்லாமல் போகும். 2002இல் ஏழு பிராணிகளில் இதைச் செய்து பார்த்த விவரம் மருத்துவ இதழில் வெளியானது. அதிலிருந்து குதிரைக்கு அறுவை என்றாலே பலரும் முதலில் நினைப்பது இதைத்தான்.

அதற்கும் முன்னால் நடை. சில்லு எப்போதாவது பிடிக்கிற இளங்குதிரைக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தினமும் நேர்கோட்டில் நடத்துவதும், மெல்ல ஓட்டுவதும், மேட்டில் ஏற்றுவதும்தான் வைத்தியம். லாயத்தில் அடைக்கக்கூடாது, வெட்டவெளியில் விட வேண்டும். கயிற்றில் பிடித்துச் சிறு வட்டம் சுற்றவிடுவது மூட்டுக்கு ஆகாது. குளம்பின் முன்நுனியைக் குறைத்து, லாடத்தைக் கால் சீக்கிரம் மடங்குகிற மாதிரி திருத்துவார்கள். மெலிந்திருந்தால் தீவனம் கூட்ட வேண்டும். தசை திரண்டால் பெரும்பாலான இளங்குதிரைகள் கத்தியில்லாமலே தேறிவிடுகின்றன. காரியாபட்டியில் இதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு. சுற்றிலும் தட்டை பூமி, மேடு வேண்டுமென்றால் கம்மாய்க்கரையில்தான் ஏற்றி இறக்க வேண்டும்.

கம்மாய்க்கு இன்னொரு உபயோகம், நீச்சல். பந்தய மாடு, ஜல்லிக்கட்டு மாடு வளர்ப்பவர்கள் தண்ணீர் இருக்கிற மாதங்களில் மாட்டைக் கம்மாயில் இறக்கி நீந்தவைப்பார்கள். மூட்டில் பாரம் விழாமல் தொடையும் சப்பையும் திரளும். பருத்திக்கொட்டை, உளுந்து, தவிடு என்று தீவனமும் உழவு மாடு கனவிலும் காணாத தீவனம். சுற்றுவட்டாரத்துப் புலிக்குளம் மாடுகள் கிடையில் மைல் கணக்காக மேய்ந்து நடந்து வளர்ந்தவை. அந்த நடையே அவற்றின் காலுக்குப் பலம்.

டிராக்டர் வந்து உழவு மாடு போன பிறகு, இழுப்பும் வேகமும் மிஞ்சியிருப்பது கோயில் விழாப் பந்தயத்தில்தான். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தோடு, விருதுநகர், சிவகங்கை, தூத்துக்குடிச் சாலைகளில் குதிரைவண்டிப் பந்தயமும் நடக்கிறது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. போராட்டத்துக்குப் பின் 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. இந்த ஏற்ற இறக்கத்தில் மாட்டை விற்றவர்களும் உண்டு, கட்டிக் காத்தவர்களும் உண்டு.

குதிரைக்கு அப்படி ஒரு போராட்டமும் நடக்கவில்லை. மதுரை ரயில் நிலைய வாசலில் வரிசையாக நின்ற ஜட்காக்களை ஆட்டோ ஓரங்கட்டியபோது யாரும் மறியல் செய்ததாகத் தெரியவில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து 3.4 லட்சம்தான். 2012இல் இருந்ததில் 45 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. பந்தயத்துக்குக் குதிரை தேடுகிறவர்கள் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போவதுண்டு. அங்கே கத்தியவாரும் மார்வாரியும் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடையைப் பார்த்து விலை பேசுவார்கள். கட்டிக்கிடக்கிற குதிரையை அவிழ்த்தவுடன் வைக்கிற முதல் நாலு எட்டையும், பின்னுக்குத் தள்ளினால் பின்னங்கால் சுளுவாக மடங்குகிறதா என்பதையும் பார்த்தால் சில்லுக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும். சுழி பார்க்கிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவழிக்கலாம்.

வாங்கி வந்தபின் தெரியவந்தால் காரியம் கொஞ்சம் நீளம். மாடென்றால் உள்ளூர் மாட்டாஸ்பத்திரியிலோ முகாமிலோ முடிந்துவிடும். குதிரைக்கு நாரைத் தொடுமுன் அந்த மூட்டை எக்ஸ்ரே எடுத்து, குருத்தெலும்பில் வேறு கோளாறு இல்லையென்று பார்த்துக்கொள்வது நல்லது. திருநெல்வேலியில் 2012இலும் தேனியில் 2020இலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் வந்ததால், இதற்காக வேப்பேரி வரைக்கும் போக வேண்டிய நிலை இப்போது இல்லை. குதிரையைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் வழியில் ஓரிரு இடத்தில் இறக்கி நடத்திவிட்டுத்தான் மறுபடி ஏற்றுகிறார்கள். நெடுநேரம் அசையாமல் நின்றால் கால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.